மருத்துவத்தின் நான்காம் கூறு

கோவையிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பீளமேடு இருக்கிறது. நூற்பாலைகளால் பெயர் பெற்று, பின்னர்க் கல்விச் சாலைகளால் சிறப்படைந்த ஊர் அது. கோவை மருத்துவக் கல்லூரி 1966-ஆம் ஆண்டில் தோன்றியதும் இவ்வூரிலேதான். ஆனால் அக்கல்லூரிக்குரிய மருத்துவமனை பீளமேட்டில் இல்லை. அது சில மைல்களுக்கு அப்பால், திருச்சி சாலையில் இருக்கிறது. 1909 முதல் மக்களுக்குப் பணிபுரிந்து வரும் பெரிய ஆஸ்பத்திரி அது. உடற்கூற்றைப் பீளமேட்டில் பயின்ற மாணவர், உடலில் வரும் நோயைக் காணத் திருச்சி சாலைக்குச் செல்ல வேண்டும். பாடம் ஓரிடம், நோயாளி வேறோரிடம்.

மருத்துவமனைச் சீர்திருத்தங்களின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தத் தொலைவு என் நினைவுக்கு வருவதுண்டு. சீர்திருத்தம் ஓரிடத்தில் எழுதப்படுகிறது. அதைச் செய்து முடிக்கும் கைகள் வேறோரிடத்தில் இருக்கின்றன. எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார் என்பதை வரலாறு நன்றாக நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கைகளுக்கு உரியவர் என்ன நினைத்தார் என்பதை மட்டும் அது அதிகமாகக் கேட்டதில்லை. மாணவ நண்பர்களே, அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் கேட்கப் போகிறோம்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்பன அந்நான்கு. இந்த நான்காமவனை 'உழைச்செல்வான்' என்று குறிக்கிறார் அப்பெருந்தகை. மருத்துவனுக்கு இணையாக, மருந்துக்கு இணையாக, தாதியையும் ஏவலாளரையும் ஒரு முழுக் கூறாக அவர் எண்ணினார் என்பது சிந்திக்கத் தக்கது. நம் காலத்துச் சீர்திருத்தங்களோ கட்டடத்தைக் கண்டன, மருந்தைக் கண்டன, மருத்துவரையும் ஓரளவு கண்டன. நான்காம் கூறுதான் பெரும்பாலும் கடைசியில் நினைக்கப்பட்டது.

பீளமேட்டு ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆலையில் புதிய இயந்திரம் வந்து இறங்கினால் அவன் கேட்கும் முதற்கேள்வி, இந்த இயந்திரம் எவ்வளவு நூல் நூற்கும் என்பதன்று. இனி நான் ஒருவன் எத்தனை கதிர்களைக் கவனிக்க வேண்டும் என்பதே. அது சோம்பலின் கேள்வியன்று. கதிர்கள் கூடக் கூட அறுந்த இழையை முடிவதற்கு நேரம் குறையும் என்பதை அறிந்தவனின் கேள்வி. மருத்துவமனையில் புதிய திட்டம் வந்தால் செவிலியர் கேட்பதும் இதுதான்: இனி நான் ஒருத்தி எத்தனை படுக்கைகளைக் கவனிக்க வேண்டும்? அங்கே அறுவது நூலிழையன்று, உயிரிழை.

சென்னை மாகாணத்தில் இக்கேள்வி மிகப் பழையது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தோன்றியது. மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சி அளிக்க 1854-இல் சென்னையில் பள்ளி ஏற்பட்டது. சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871-இல் தொடங்கியது. பயிற்சி வந்ததேயன்றி மதிப்பு உடனே வரவில்லை. நோயாளியின் புண்ணைத் துடைப்பதும் கழிவை அகற்றுவதும் இழிந்த வேலை என்று சமூகம் கருதிற்று. நல்ல குடும்பத்துப் பெண் இரவில் வெளியே தங்கி வேலை செய்யலாமா என்று ஊர் கேட்டது. அக்காலத்தில் இத்தொழிலுக்கு வந்தவர்கள் சமூகத்தின் சொல்லையும் சேர்த்தே சுமந்தார்கள். 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டு, அவர்களுடைய பெயர்களைப் பதிவு செய்யும் முறை வந்தது. பதிவேட்டில் ஒரு பெயர் ஏறுவது சிறிய செய்திபோலத் தோன்றலாம். ஆனால் தொழிலுக்கு ஒரு வரம்பும் தொழில் செய்பவருக்கு ஒரு பெயரும் அதனால் கிடைத்தன. பணியாளர் மனமுவந்து ஏற்ற சீர்திருத்தம் இது.

கொங்கு நாட்டிற்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை நகரம் பிளேக் நோயால் பலமுறை அலைக்கழிக்கப்பட்டது. அந்த அச்சத்தின் அடையாளமாகப் 'பிளேக் மாரியம்மன்' கோயில்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. எலி செத்து விழுந்தது என்ற சொல் கேட்டவுடன் மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே சென்று தங்குவார்கள். அத்தகைய காலத்தில் எழுந்ததுதான் 1909-ஆம் ஆண்டின் மருத்துவமனை. ஊர் வெளியேறும்போது வெளியேற இயலாதவர் இருவர்: நோயாளி ஒருவர், அவருக்குப் பணிபுரிய ஊதியம் பெறுபவர் மற்றொருவர்.

அந்நாளில் மக்கள் அரசு மருத்துவமனையைத் 'தர்மாஸ்பத்திரி' என்றே அழைத்தார்கள். அச்சொல்லில் ஒரு நன்றி இருக்கிறது. ஒரு குறையும் இருக்கிறது. தருமம் பெறுபவன் குரலை உயர்த்திக் கேட்க முடியாது. தருமம் வழங்கும் இடத்தில் வேலை செய்பவனும் தனக்கு இது போதவில்லை என்று சொல்ல முடியாது. இருவர் வாயையும் அந்த ஒரு சொல் அடைத்துவிட்டது.

அதைத் திறக்க முயன்ற முதற்பெருந் திட்டம் போர் குழுவின் அறிக்கை. சர் ஜோசப் போர் என்பவர் தலைமையில் 1943-இல் அமைந்த அக்குழு 1946-இல் தன் அறிக்கையை அளித்தது. நம் நாட்டவரான டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அதில் உறுப்பினராக இருந்தார். பணம் கொடுக்க இயலாமையால் எவருக்கும் சிகிச்சை கிடைக்காமற்போகக் கூடாது என்பது அவ்வறிக்கையின் அடிப்படைக் கொள்கை. தருமம் உரிமையாக மாறத் தொடங்கியது இங்கேதான். அன்றைய நிலையை அவ்வறிக்கை எண்ணிக்கையில் காட்டிற்று. மக்களில் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர். 43,000 பேருக்கு ஒரு செவிலியர். நான்காம் கூறு எவ்வளவு மெலிந்து கிடந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும் இச்சிறந்த அறிக்கையிலும் பணியாளர் மனம் நோவதற்கு இடமிருந்தது. அக்காலத்தில் பட்டம் பெற்ற மருத்துவர் ஒரு வகை. மருத்துவப் பள்ளிகளில் படித்து உரிமச் சான்று பெற்ற 'எல்.எம்.பி.' மருத்துவர் மற்றொரு வகை. நாட்டிலிருந்த சுமார் 47,500 மருத்துவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் இந்த இரண்டாம் வகையினர். சிற்றூர் மருத்துவ நிலையங்களைத் தாங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் அவர்களே. வேலை ஒன்று, பதவியும் ஊதியமும் குறைவு. இக்குறையைச் சொல்ல அவர்கள் 1907-லேயே அகில இந்தியச் சங்கம் அமைத்துவிட்டார்கள். இனி ஒரே வகை மருத்துவர் போதும், பட்டப்படிப்பே அளவுகோல் என்று போர் குழுவின் பெரும்பான்மையோர் முடிவு செய்தார்கள். உறுப்பினர் சிலர் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தனர். தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. குறுகிய காலப் படிப்பின் மூலம் பட்டம் பெறும் வழியும் பழையவர்களுக்குத் திறக்கப்பட்டது. ஆனால் முப்பது ஆண்டு சிற்றூரில் உழைத்த ஒருவர், தம் வகையே இனி வேண்டாம் என்று ஓர் அறிக்கை சொல்வதைப் படிக்கும்போது என்ன உணர்ந்திருப்பார்? சீர்திருத்தம் சரியாக இருக்கலாம். அது காயப்படுத்துவதும் உண்மையாக இருக்கலாம். இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதுதான் வரலாற்று மாணவனின் கடமை.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்ததையும் பார்ப்போம். அங்கே 1948 ஜூலை 5-ஆம் நாள் தேசிய மருத்துவப் பணி தொடங்கியது. மக்கள் அனைவருக்கும் கட்டணமின்றி மருத்துவம் என்னும் அத்திட்டத்தை இன்று அந்நாட்டினர் தம் பெருமைகளுள் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் மருத்துவச் சங்கம் எடுத்த வாக்கெடுப்பில், வாக்களித்த மருத்துவர்களில் பத்தில் ஒன்பது பேர் அதை எதிர்த்தார்கள். தாம் அரசின் சம்பளக்காரர் ஆகிவிடுவோம், தொழிலில் தம் சுதந்தரம் போய்விடும் என்று அஞ்சினார்கள். அமைச்சர் அனூரின் பெவன் கொள்கையை விடவில்லை. ஆனால் மருத்துவர்களின் அச்சத்தைத் தணிக்கச் சில விட்டுக்கொடுத்தல்களைச் செய்தார். சில மாதங்களில் எதிர்த்தவர்களே பெருந்திரளாக வந்து சேர்ந்தனர். பணியாளரின் எதிர்ப்பு எப்போதும் பிடிவாதமன்று. சில வேளைகளில் அது விடை கிடைக்காத ஒரு கேள்வி என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அவ்வாண்டிலேயே இந்திய நாட்டில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய இத்திட்டம், தமிழ்நாட்டில் முதன்முதலாகக் கால் வைத்த இடம் நம் கோவைதான்; ஆண்டு 1955. மக்கள் வழக்கில் இது 'இ.எஸ்.ஐ.' என்று வழங்குகிறது. பஞ்சுத் தூசியை நாள்தோறும் சுவாசிக்கும் ஆலைத் தொழிலாளி, தன் ஊதியத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, முதலாளியும் ஒரு பகுதியைக் கொடுக்க, அதன் பயனாக மருத்துவம் பெற்றான். இங்கே அவன் தருமம் கேட்டு நிற்கவில்லை. தன் பங்கைக் கேட்டு நின்றான். மருத்துவருக்கும் செவிலியருக்கும் இது புதிய அனுபவம். உரிமையோடு வரும் நோயாளியிடம் விரைவும் விளக்கமும் காட்ட வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். நேரத்திற்கு ஆள் வேண்டும். உரிமையை வழங்கும் ஒவ்வொரு சட்டமும் அதை நிறைவேற்றும் ஆளையும் கூடவே வழங்க வேண்டும் என்ற பாடம் கோவையின் ஆலைப் பகுதிகளிலே அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

1973-இல் கர்த்தார் சிங் குழு மற்றொரு மாற்றத்தைப் பரிந்துரைத்தது. அதுவரை அம்மை குத்துபவர் ஒருவர், மலேரியாவுக்கு ஒருவர், குடும்பநலத்திற்கு ஒருவர் என்று ஒரே வீட்டுக்குப் பலர் சென்றுவந்தார்கள். இனி இவர்களைப் பல்நோக்குப் பணியாளர்களாக ஆக்கி, ஒரு சிறு பகுதியை ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்றது அக்குழு. காகிதத்தில் இது மிகவும் அறிவுடைய ஏற்பாடு. களத்தில் இருந்தவர்களுக்கோ அது கலக்கமாக இருந்தது. ஒரு வேலையில் கை தேர்ந்தவர், தெரியாத நான்கு வேலைகளில் புதியவராக நிற்க வேண்டியதாயிற்று. வேலை பெருகிய அதே காலத்தில், 1977-இல், துணைச் செவிலியர் பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டாகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இப்பணி கிராம சுகாதாரச் செவிலியர் என்னும் பெயரில் வேரூன்றியது. ஊர்ப்புறத்தில் மாநிலம் இன்று கண்டிருக்கும் தாய்சேய் நலத்தின் அடித்தளத்தில் இச்செவிலியரின் தேய்ந்த செருப்புகள் இருக்கின்றன.

அவர்களுள் ஒருவர் பேசுவதாக வைத்துக்கொள்வோம். கொங்கு நாட்டுப் பணிவோடு அவர் இப்படிக் கேட்கக்கூடும்: "திட்டம் ஒவ்வொண்ணு வரும்போதும் ஒரு புது நோட்டுக் குடுக்கறீங்க, சந்தோசமுங்க. கூட ஒரு ஆளையும் குடுப்பீங்களாங்க?" இக்கேள்விக்கு நாம் என்ன விடை சொல்வோம்? பதிவேடு வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார். எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது என்று தெரியாமல் ஆட்சி நடத்த இயலாது. ஆனால் எழுதும் நேரம் கூடக் கூட, தாயின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் நேரம் குறைகிறது என்பதையும் எவரும் மறுக்கமாட்டார்.

இனி, பணியாளர் மனத்தை மகிழ்வித்த சீர்திருத்தம் ஒன்றைச் சொல்லுகிறேன். முன்னாளில் மருந்துத் தட்டுப்பாடு அரசு மருத்துவமனைகளின் தீராத நோயாக இருந்தது. மருத்துவர் நோயைக் கண்டறிவார், சீட்டு எழுதுவார், மருந்தகத்தில் அம்மருந்து இராது. வெளியே வாங்கிக்கொள் என்று ஏழையிடம் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லும் நாணம் மருத்துவருடையது, ஏச்சைக் கேட்கும் பொறுமை மருந்தாளருடையது, தவறு இருவருடையதுமன்று. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. பூர்ணலிங்கம் என்னும் ஆட்சிப்பணி அதிகாரி அதன் தொடக்க காலத்தை வழிநடத்தினார். மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி. மாவட்டந்தோறும் ஒரு கிடங்கு. வந்த மருந்தின் தரத்தை ஆய்வுக்கூடத்தில் சோதித்த பின்னரே வெளியீடு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம். அப்புத்தகத்தில் உள்ள தொகைக்குள், தமக்கு எந்த மருந்து எவ்வளவு தேவை என்பதை அந்தந்த மருத்துவமனையே முடிவு செய்யலாம். பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுச் சென்ற முறை இது.

இந்தச் சீர்திருத்தம் பணியாளருக்கு இனித்தது ஏன்? அது அவர்களிடம் புதிய வேலை ஒன்றையும் கேட்கவில்லை. அவர்கள் செய்ய விரும்பிய வேலையைச் செய்யவொட்டாமல் தடுத்த கல்லை எடுத்துப் போட்டது. தேவையை அறிந்தவரிடமே தேர்வையும் விட்டது. இது நினைவில் வைக்கத்தக்க வேறுபாடு.

மற்றொரு சீர்திருத்தம் பெருமையையும் வேதனையையும் ஒரே கையால் கொடுத்தது. முன்பெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாலையோடு ஓய்ந்துவிடும். பிள்ளைப்பேறோ மாலையோடு ஓய்வதில்லை. நிலையம் ஒன்றுக்கு மூன்று செவிலியரை அமர்த்தி, முறை வைத்து, இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு 1990-களின் இறுதியில் சில இடங்களில் தொடங்கி, அடுத்த பத்தாண்டுகளில் மாநிலம் எங்கும் பரவியது. இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவ நிலையங்களிலேயே நடைபெறுகின்றன. நள்ளிரவில் சுகாதார நிலையத்தின் விளக்கு எரிகிறது என்றால், அதன் கீழே ஒரு செவிலியர் விழித்திருக்கிறார் என்று பொருள். அவ்வாறு விழித்திருந்தவர்களில் மிகப் பலர் நிரந்தரப் பணியாளர் அல்லர், தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டவர்கள். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியே ஆயிரக்கணக்கான செவிலியர் தேர்வு எழுதித் தேறி வந்தனர். அவர்களுக்கு அப்போது கிடைத்தது மாதம் ரூ. 7,700.

அரசின் பக்கத்து வழக்கையும் நாம் கேட்க வேண்டும். நிரந்தரப் பணியென்றால் ஊதியத்தோடு ஓய்வூதியப் பொறுப்பும் தொடர்கிறது. உள்ள பணத்தில் அதிகம் பேரை அமர்த்தினால் அதிகம் நிலையங்கள் திறந்திருக்கும். இது பொறுப்புள்ள வாதமே. ஆனால் அருகருகே நின்று ஒரே பிரசவத்தைப் பார்க்கும் இருவரில் ஒருவருக்கு ஊதியம் பன்மடங்கு குறைவு என்றால், 'எல்.எம்.பி.' மருத்துவரின் பழைய புண் மீண்டும் திறந்துகொள்கிறது. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான செவிலியர் சென்னையில் திரண்டு போராடினார்கள். உயர்நீதிமன்றம் பணிக்குத் திரும்பச் சொல்லியது, திரும்பினார்கள். பின்னர் ஊதியம் உயர்த்தப்பட்டது. கட்டம் கட்டமாகச் சிலர் நிரந்தரமும் ஆனார்கள். 2019 அக்டோபர் இறுதியில் அரசு மருத்துவர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவற்றுள் ஊதிய உயர்வு இருந்தது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவர் பணியிடங்களை வகுக்க வேண்டும் என்பதும் இருந்தது. போராடியவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் இடமாற்றம் செய்யப்பட, 2020-இல் உயர்நீதிமன்றம் அம்மாறுதல்களை நீக்கியது. வேலைநிறுத்த நாளில் சிகிச்சைக்கு வந்து திரும்பிப்போன நோயாளியின் துயரத்தையும் நாம் மறத்தலாகாது. எத்தனை படுக்கை, எத்தனை கை என்னும் ஆலைக் கேள்வியே மீண்டும் எழுந்தது என்பதையும் மறத்தலாகாது.

பின்னர் வந்தது 2020. ஆலைத் தொழிலாளருக்காகப் பிறந்த திட்டத்தின் வழியே எழுந்த சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை, பெருந்தொற்றுக்கென ஒதுக்கப்பட்டு, கோவைக்கு மட்டுமின்றி அண்டை மாவட்டங்களுக்கும் புகலிடமாயிற்று. பிளேக் காலத்தைப்போல மீண்டும் ஊர் கதவடைத்தது. மீண்டும் வெளியேற இயலாதவர் இருவரே. அவ்வாண்டு மார்ச் 22-ஆம் நாள் நாடு முழுவதும் மக்கள் வாசலில் நின்று மருத்துவப் பணியாளருக்காகக் கைதட்டினார்கள். அடுத்த மாதமே சென்னையில், தொற்றினால் உயிரிழந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவொட்டாமல் ஒரு கூட்டம் தடுத்தது. இவ்விரண்டையும் கண்ட பணியாளரின் உள்ளம் எத்தகையதாயிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

2021 மே மாத இறுதியில் நாள்தோறும் தொற்றுவோர் எண்ணிக்கையில் கோவை சென்னையையும் மிஞ்சிற்று. மே 30-ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாதுகாப்பு உடை அணிந்து அந்த இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் தொற்றுப் பிரிவுக்குள்ளேயே சென்றார். திட்டம் எழுதும் இடத்திற்கும் வேலை நடக்கும் இடத்திற்கும் உள்ள தொலைவு அன்று ஒரு நாழிகை குறைந்தது. ஆனால் குறைந்த தொலைவு குறைந்தபடியே நிற்பதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்ட செவிலியர் 2,000-க்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிந்தது. 2023 ஜனவரியில் அவர்கள் மீண்டும் தெருவில் நின்றார்கள். வேறு திட்டங்களில் பணி தருவதாக அரசு கூறியது. கைதட்டல் கேட்ட காதுகளுக்கு அந்த விடை முழுமையாக இருந்திராது.

இந்த நெடிய வரலாற்றிலிருந்து பெறப்படுவது என்ன? மருத்துவப் பணியாளர் சீர்திருத்தத்தின் பகைவர் அல்லர். பதிவுச் சட்டத்தை வரவேற்றார்கள். மருந்துக் கழகத்தை வரவேற்றார்கள். இரவு விளக்கை ஏற்றிவைத்தவர்களே அவர்கள்தாம். தடையை நீக்கிய மாற்றம் அவர்களுக்கு உவப்பாயிற்று. கையைக் கூட்டாமல் கடமையை மட்டும் கூட்டிய மாற்றம் சுமையாயிற்று. தரத்தை உயர்த்தும்போது பழைய உழைப்பை மதிக்க மறந்த மாற்றம் புண்ணாயிற்று. சுமையும் புண்ணும் சுமந்த கைகள் வேலையை நிறுத்திவிடுவதில்லை; நோயாளி கண்முன் கிடக்கிறானே! அந்த நல்ல குணத்தையே நம்பி அவர்களைக் கேளாமல் இருந்துவிடுவது அறமாகாது.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் மருத்துவராவீர்கள், சிலர் செவிலியராவீர்கள். சிலர் திட்டம் எழுதும் மேசையில் அமர்வீர்கள். அப்படி அமரும் நாளில், பீளமேட்டிலிருந்து திருச்சி சாலைக்குப் புறப்படும் மருத்துவ மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தம் பாடம் முடிந்துவிட்டது என்று பீளமேட்டிலேயே நின்றுவிடுவதில்லை. நோயாளியின் படுக்கையருகே சென்று நின்றால்தான் பாடம் முடியும் என்று அறிந்து போகிறார். எழுதிய திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களும் அவ்வாறே போங்கள். இரவுப் பணியில் இருக்கும் செவிலியரிடம், இது உங்களுக்கு உதவுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வள்ளுவர் வகுத்த நான்கும் அப்போதுதான் நிறையும்.